வெயில் வராத ஊரில் அப்பா

நியூஜெர்சியில் என்னோடு வளர்ந்த ஏழெட்டுப் பேரே, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் படித்தால் படித்துவிட்டுப் போகட்டும். நமக்கெல்லாம் அறுபது நெருங்கிவிட்டது. ஒருத்திக்கு முழங்கால் மாற்றியாயிற்று. ஒருவன் பைபாஸ் முடிந்த கையோடு தினமும் எத்தனை அடி நடந்தான் என்று வாட்ஸ்அப்பில் படம் போட்டுக் கழுத்தை அறுக்கிறான். இந்த வயதில் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. நான் ஐந்தாம் வகுப்பில் இருந்த குளிர்காலத்தில், அக்டோபரிலிருந்து மார்ச் வரை, உங்களில் ஒருவர்கூட என் வீட்டுக்கு விளையாட வரவில்லை. ஏன் என்று உங்களுக்கு அப்போது தெரியுமா? எனக்குப் போன மாதம்தான் தெரிந்தது.

அது என் அப்பா நார்வேக்குப் போன வருஷம்.

அப்பா மேட்டூர்க்காரர் என்பது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அணைக்குக் கீழே இருக்கும் மின்நிலையத்தில் வேலை பார்த்துவிட்டு அமெரிக்கா வந்தவர். இங்கே டிரான்ஸ்பார்மர் செய்யும் ஒரு கம்பெனியில் இஞ்சினியர். அந்தக் கோடைக்காலம் முழுக்க அவர் வேலை நாட்களிலும் வீட்டில் இருந்தார். டைப்ரைட்டரில் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தார். தபால்காரர் வந்துபோனால் செருப்பு போடாமல் கீழே ஓடுவார். எனக்கு அப்பா வீட்டில் இருப்பது கொண்டாட்டமாக இருந்தது, அவ்வளவுதான். வேலை போய்விட்டது என்பதெல்லாம் பத்து வயதில் எனக்கு எங்கே புரியப்போகிறது?

நவராத்திரி முடிந்த வாரம் அம்மா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்தாள்.

"கண்ணு, அப்பா ஒரு ப்ராஜெக்டுக்கு நார்வே போறாரு. மார்ச்ல வந்துடுவாரு. ஸ்கூல்ல கேட்டா அப்படியே சொல்லணும், என்ன?"

ஏன் நார்வே என்று நான் பின்னால் எத்தனையோ முறை யோசித்திருக்கிறேன். கலிபோர்னியா என்று சொல்லியிருந்தால் நம் மாமாக்களில் யாருக்காவது அங்கே ஒரு மச்சினன் இருந்திருப்பான். லண்டன் என்றால் ஒரு சித்தப்பா கட்டாயம் உண்டு. நார்வேயில்தான் அப்போது நமக்கு ஒரு ஈ காக்காய் கிடையாது. நன்றாகத்தான் யோசித்திருக்கிறார்கள், பாவம்.

கிளம்புகிற அன்று அப்பாவின் கனத்த கோட்டு அலமாரியிலேயே தொங்கியது. நான் அதை எடுத்துக்கொண்டு படியிறங்கி ஓடினேன். "அங்க ஆபீஸ்லயே கோட்டு குடுப்பாங்க கண்ணு," என்று அம்மா அதை வாங்கி வைத்துக்கொண்டாள். அப்பா என் தலையில் கைவைத்துவிட்டு டாக்சியில் ஏறினார். அவர் போனது விமான நிலையத்துக்கு இல்லை, பஸ் ஸ்டாண்டுக்கு என்று எனக்கு எப்படித் தெரியும்?

அந்த மாதமே பள்ளியில் ஒரு வேலை கொடுத்தார்கள். உலகத்தில் ஏதாவது ஒரு சின்ன ஊரை எடுத்துக்கொண்டு, அதன் நிலம் எப்படி, பெயர் எப்படி வந்தது, ஜனங்கள் என்ன தொழில் செய்கிறார்கள் என்று எழுத வேண்டும். டீச்சர் ஒல்லியாக, எப்போதும் சளி பிடித்த குரலோடு இருப்பார். நாடு கூடாது, தலைநகரம் கூடாது, யாருக்கும் தெரியாத ஊராக இருக்க வேண்டும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அப்பா இருக்கிற ஊரைவிட எனக்கு வேறு எந்த ஊர் வேண்டும்?

ஞாயிறு காலை பத்து மணிக்கு அப்பாவின் போன் வரும். அடுப்படிச் சுவரில் மாட்டிய மஞ்சள் போன். அம்மாதான் பாய்ந்து எடுப்பாள், ஏதோ முணுமுணுப்பாள், பிறகு என்னிடம் கொடுப்பாள்.

"நார்வேல எந்த ஊருப்பா?" என்று கேட்டேன்.

"அது வாயில நுழையாத பேரு கண்ணு. எழுதிவெச்சு அடுத்த வாரம் கரெக்டா சொல்றேன்," என்றார்.

அடுத்த வாரம் சொன்னார். டின் என்று ஒரு முனிசிபாலிடி. முனிசிபாலிடி என்றால் நம்மூர் நகராட்சி மாதிரி கடைத்தெருவும் சாக்கடையும் இல்லை. ஒரு பெரிய காட்டையும் மலையையும் ஏரியையும் சேர்த்து ஒரு பேர் வைத்திருப்பார்கள், நடுவில் அங்கங்கே ஜனங்கள். அதற்குள் ரியூகான் என்று ஒரு ஊர். அங்கேதான் மின்நிலையம், அங்கேதான் தான் இருப்பதாகச் சொன்னார்.

"பேருக்கு என்ன அர்த்தம்ப்பா?"

"புகையிறதுன்னு அர்த்தம் கண்ணு. அங்க ஒரு பெரிய அருவி. விழுற வேகத்துல தண்ணி புகையா கிளம்பும். நம்ம ஒகேனக்கல் இருக்கே, அதுக்கும் அதே பேருதான். ஒகேன்னா கன்னடத்துல புகை. பாரு, எங்க சுத்தினாலும் நம்ம ஊர்லயே வந்து நிக்குது!"

அப்படிச் சிரித்தார். அவர் அந்த வருஷம் சிரித்து நான் கேட்டது அது ஒன்றுதான்.

பொது நூலகத்தில் நான் பழியாகக் கிடந்தேன். பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கினால் இரண்டு தெரு தள்ளி நூலகம். ஈரக் கம்பளி வாடையும் பழைய காகித வாடையும் சேர்ந்து அடிக்கும். அங்கே நான் படித்தது இது: டின்னில் ஒரு பெரிய ஏரி, ஐரோப்பாவின் ஆழமான ஏரிகளில் ஒன்று. கௌஸ்தா என்று ஒரு மலை. தெளிந்த நாளில் உச்சியில் நின்றால் நாட்டில் ஆறில் ஒரு பங்கு தெரியும் என்பார்களாம். மலைச்சரிவில் துண்டு துண்டாகப் பண்ணைகள், வைக்கோல், ஆடுகள். நூறு வருஷம் முன்பு அந்தப் பக்கத்திலிருந்து கப்பல் கப்பலாக ஜனங்கள் அமெரிக்காவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு அருவியைக் குழாய்க்குள் விட்டு மின்சாரம் எடுத்தார்கள், மின்சாரத்தை நம்பி உரத் தொழிற்சாலை வந்தது. குழாய்க்குள் போனபின் அருவியில் பெரும்பாலான நாள் தண்ணீரே கிடையாது. பேர் மட்டும் புகைந்துகொண்டிருக்கிறது. டின் என்ற பேருக்கு என்ன அர்த்தம் என்று எவ்வளவு புரட்டியும் எனக்குக் கிடைக்கவில்லை.

முக்கியமானது இதுதான்: ரியூகான் குறுகலான பள்ளத்தாக்கில் இருக்கிறது. செப்டம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை மலை மறைத்துவிடும், ஊருக்குள் வெயிலே விழாது. அதற்காகக் கேபிள் கார் மாதிரி ஒரு கம்பிவடப் பெட்டி கட்டியிருக்கிறார்கள். ஜனங்கள் அதில் ஏறி மலைக்கு மேலே போய், கொஞ்ச நேரம் வெயிலைப் பார்த்துவிட்டு இறங்கி வருவார்கள். படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மேட்டூர் வெயிலில் வளர்ந்த மனுஷன் அங்கே போய் என்ன செய்வார் என்று நினைத்துக்கொண்டேன்.

ரிப்போர்ட்டில் ஒட்ட ஒரு நார்வே தபால்தலை வேண்டும் என்று கேட்டேன். "இங்க போஸ்ட் எல்லாம் ரொம்ப லேட்டாகும் கண்ணு," என்றார். ஆனாலும் மூன்றாம் வாரம் வந்துவிட்டது. அம்மா கவரைக் கிழித்து எங்கேயோ போட்டுவிட்டு தபால்தலையை மட்டும் என் உள்ளங்கையில் வைத்தாள். பாதி முத்திரை விழுந்த பழைய தலை. அவர் ஏதோ கடையில் தேடி வாங்கியிருக்க வேண்டும். எந்தத் தெருவில், யாரிடம் வழி கேட்டு, என்ன சொல்லி வாங்கினாரோ.

இந்த அழகில் நீங்கள் யாரும் வரவில்லை. அதுவரை சனிக்கிழமையானால் யாராவது வீட்டில் சாப்பாடு, பேஸ்மென்ட்டில் நாம் எல்லாரும் போடும் கூச்சல். தீபாவளிக்குப் பிறகு எங்களுக்கு அழைப்பு நின்றது. அம்மாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. டாக்டர் ஆன்ட்டி மட்டும் வியாழக்கிழமை காய்கறிப் பையோடு வருவார். அவர்தான் அப்போது நம் கூட்டத்தில் ஒரே டாக்டர். அவருடைய பிள்ளைகள் இருவரும் காரிலேயே உட்கார்ந்திருப்பார்கள். நான் ஜன்னலிலிருந்து கையாட்டுவேன். ஒருமுறை கீழே ஓடியேவிட்டேன்.

"Aunty, can they come up? Just ten minutes?"

"இன்னொரு நாள்டா, ஆன்ட்டிக்கு ட்யூட்டி இருக்கு," என்று சொல்லி, என் முகத்தைப் பார்க்காமல் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எவ்வளவு திமிர் என்று நினைத்தேன். அப்பா ஊரில் இல்லையென்றால் நாங்கள் ஆளே இல்லையா? பல வருஷம் அந்தக் கோபம் எனக்கு இருந்தது, இப்போது சொல்லிவிடுகிறேன்.

சாயங்காலம் நாலரைக்கே இருட்டிவிடும். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருப்பாள். ரேடியேட்டர் தட்தட்டென்று அடித்துக்கொள்ளும். ரசமும் அப்பளமும் சாப்பிட்டுவிட்டு ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டிருப்போம். பிறகு அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொள்வாள். அது வெகுநேரம் ஓடும். நான் அலமாரிக்குள் போய் அப்பாவின் கோட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன்.

டிசம்பரில் ஒரு ஞாயிறு, பத்து மணிக்கு முன்னாலேயே போன் அடித்தது. அம்மா தலைக்குக் குளித்துக்கொண்டிருந்தாள். நான் எடுத்தேன். ஆபரேட்டர் பெண் பேசினாள். எடுக்கிறவர் காசு கட்டுகிற கலெக்ட் கால் உங்களுக்கு ஞாபகம் இருக்குமே? டெக்சாஸிலிருந்து அப்படி ஒரு கால், ஏற்றுக்கொள்கிறீர்களா என்றாள். அப்பாவின் பேரைச் சொன்னாள்.

யெஸ் என்றேன்.

"என்ன கண்ணு, நீயா?" என்றார் அப்பா. குரல் ஒரு மாதிரி இருந்தது. ஆபரேட்டர் சொன்னது என் காதில் விழுந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. அதற்குள் அந்தப் பக்கம் ஒரு மணி அடித்தது, ஒரு ஆண் குரல் ஏதோ அதட்டியது. அப்பா வாயைப் போனிலிருந்து விலக்கிக்கொண்டு, "Yes sir, I will bring the towels, sir," என்றார்.

திரும்ப வந்து, "ஆபீஸ்ல ஒருத்தரு," என்றார்.

பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் அப்பாவும் அந்த வருஷம்தான் வேலை விஷயமாக வேறு மாநிலம் போனார். பிறகு வரவேயில்லை, டிவோர்ஸ் என்றாள். நானும் அப்படித்தான் கணக்குப் போட்டேன். அப்பா எங்களை விட்டுவிட்டுப் போய்விட்டார், நார்வே என்பது அம்மா எனக்குச் சொல்லும் சமாதானம். தெரிந்துவிட்டது என்று நான் ஒரு வார்த்தை சொன்னால் அதோடு எல்லாம் முடிந்துவிடும், இனி ஞாயிற்றுக்கிழமை போனும் வராது. பத்து வயதுப் புத்திக்கு அவ்வளவுதான் எட்டியது.

"அங்க இருட்டா இருக்காப்பா?" என்றேன்.

"ஆமா கண்ணு. கும்மிருட்டு," என்றார்.

அன்றிலிருந்து நான் அப்பாவுக்குப் பதில் தெரியாத கேள்வி கேட்பதில்லை. நூலகத்தில் படித்ததையெல்லாம் முதல் வாரம் நானே அவருக்குச் சொல்லிவிடுவேன். அடுத்த வாரம் அதையே திருப்பிக் கேட்பேன்.

"கம்பிவடப் பெட்டில ஏறினீங்களாப்பா?"

"ஏறினேன் கண்ணு. மேல போனா நல்ல வெயிலு. எல்லாரும் முகத்தை நீட்டிக்கிட்டு வரிசையா நிக்கிறாங்க. நானும் நின்னேன்."

"சூடா இருந்துச்சா?"

"லேசா. கன்னத்துல மட்டும்."

எவ்வளவு நன்றாகச் சொன்னார் பாருங்கள். டெக்சாஸ் மோட்டல் ஒன்றின் கவுன்ட்டரில் உட்கார்ந்துகொண்டு அந்த மனுஷன் எனக்காகக் குளிரைக் கற்பனை செய்துகொண்டிருந்தார். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்பேன். பொய் என்று தெரிந்தும் அந்த வெயில் எனக்கு வேண்டியிருந்தது.

பொங்கல் விழா ஒரு சர்ச்சின் அடித்தள ஹாலில் நடந்தது, நினைவிருக்கிறதா? சர்க்கரைப்பொங்கலில் நெய்க்குப் பதில் வெண்ணெய் போட்டு ஹால் முழுக்க ஒரே வாடை. பிள்ளைகள் ஆளுக்கொரு பாட்டு, ஆட்டம். விழாவுக்கு இரண்டு வாரம் முன்பே அம்மா என் நீல ஃபோல்டரை எடுத்துக் கையில் கொடுத்திருந்தாள். "அப்பா இருக்கிற ஊரைப் பத்தி நீ எழுதினதைப் படி கண்ணு. எல்லாரும் கேக்கணும்," என்றாள். நம் மாமாக்களைப் பற்றித்தான் உங்களுக்குத் தெரியுமே. பல்லாங்குழி ஆடினால்கூட நாலு கேள்வி கேட்பார்கள். எத்தனை மெகாவாட், எந்தக் கம்பெனி, விசா என்ன, சம்பளம் எந்தக் காசில். இரண்டு வாரம் உட்கார்ந்து அத்தனைக்கும் பதில் தயார் செய்திருந்தேன். மாட்டிக்கொண்டால் அப்பா போச்சு.

படித்தேன். ஏரி, மலை, ஆடு, புகையும் பேர், குழாய்க்குள் போன அருவி, வெயிலுக்கு ஏங்கும் ஊர். "என் அப்பா அங்கே மின்சாரம் செய்கிறார். மார்ச் மாதம் வெயில் வந்ததும் அவரும் வருவார்" என்று முடித்தேன்.

ஒரு கேள்வி வரவில்லை! ஒரே ஒரு கேள்விகூட இல்லை! கைதட்டினார்கள், தட்டிக்கொண்டே இருந்தார்கள். உங்களில் ஒருவன் பின்வரிசையில் கை தூக்கினான். அவன் அம்மா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். ஒரு மாமி முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். நான் அவ்வளவு நன்றாகப் படித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஆனால் கேள்வி கேட்காதது எனக்கு உள்ளுக்குள் ஏமாற்றமாகத்தான் இருந்தது. சாப்பிடும்போதும் யாரும் என் பக்கத்தில் வந்து உட்காரவில்லை.

மார்ச் கடைசியில் அப்பா வந்தார். நியூஜெர்சியிலேயே வேறு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. வரப்போகிறார் என்று தெரிந்ததிலிருந்து இரண்டு வாரம் நான் கீழ் வாசலிலேயே நின்றேன். டாக்சியிலிருந்து இறங்கினவரைப் பார்த்ததும் எனக்குப் பகீரென்றது. கறுத்துப்போயிருந்தார். ஆறு மாதம் வெயிலே படாத ஊரிலிருந்து மனுஷன் கரிக்கட்டையாக வந்து நிற்கிறார்!

"கம்பிவடப் பெட்டில அடிக்கடி மேல போயிட்டீங்களாப்பா?" என்றேன்.

அப்பா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "தினமும் போனேன் கண்ணு," என்றார். பிறகு என்னைத் தூக்கிக்கொண்டார். பத்து வயதுப் பெண்ணை, மூன்று மாடி, இறக்கிவிடாமல் தூக்கிப்போனார்.

அந்த ரிப்போர்ட்டை அவர் வாங்கிப் படித்தார். அதன்பின் அது எங்கே போனது என்று தெரியாது. மூன்று வீடு மாறியதில் தொலைந்திருக்கும். அப்பா சாகும்வரை நாங்கள் நார்வே பற்றிப் பேசவில்லை. டிவியில் பனிமலை வந்தால் இரண்டு பேரும் வேறு பக்கம் பார்ப்போம். எனக்குத் தெரியும் என்று அவரிடம் சொல்லாமலே விட்டேன். அவர் போய் ஆறு வருஷமாகிறது.

இப்போது நான் இருப்பது டெக்சாஸில், டல்லாஸை ஒட்டிய காப்பெலில். விதியைப் பாருங்கள். அம்மா என்னோடு இருக்கிறாள். போன மாதம் டாக்டர் ஆன்ட்டி பேரன் கல்யாணத்துக்கு டல்லாஸ் வந்தவர் எங்கள் வீட்டில் மூன்று நாள் தங்கினார். எண்பத்தைந்து வயது, வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. அம்மா இன்னும் எழுந்திருக்காத ஒரு காலை, காபி குடித்துக்கொண்டே சொன்னார்.

"என் வீட்டுக்காரரோட கசின் உங்கப்பா வேலை பாத்த டெக்சாஸ் மோட்டல்ல தங்கியிருக்கான்டா. உங்கப்பாவை கவுன்ட்டர்ல பாத்துட்டு எங்களுக்குப் போன் பண்ணிட்டான். தீபாவளிக்கு மறுவாரமே தெரியும். உங்கம்மாவைக் கேட்டேன், ஓன்னு அழுதா. பொண்ணுக்கு மட்டும் தெரியக்கூடாதுன்னா. நான்தான் எல்லா வீட்டுக்கும் போன் போட்டு, யாரும் மூச்சு விடாதீங்கன்னு சொன்னேன். பெரியவங்க சரி, புள்ளைங்க எங்கயாவது கேட்டுட்டு உன்கிட்ட உளறிடுச்சுங்கன்னா? அதான் யாரும் அனுப்பலை. எனக்கே உன் மூஞ்சியைப் பாத்தா அழுகை வந்துடும்டா. அதான் உள்ள வரவே மாட்டேன்."

நான் கப்பைக் கீழே வைத்தேன். அந்த ஹாலில் அத்தனை பேரும் எனக்காக நடித்திருக்கிறார்கள். நான் அத்தனை பேருக்காகவும் நடித்திருக்கிறேன். திமிர் என்று நான் திட்டின ஆன்ட்டி காருக்குள் அழுதிருக்கிறார். யார்மேல் கோபப்படுவது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றி என்றுதான் சொன்னேன். ஆனால் உங்களிடம் சொல்லாமல் எப்படி? ஆறு மாதம், ஒரே ஒரு சனிக்கிழமை உங்களில் ஒருத்தி வந்து உளறியிருந்தாலும் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ஆன்ட்டியை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்தேன். அம்மா சோபாவில் உட்கார்ந்து டிரையரிலிருந்து எடுத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"அப்பா நார்வே போகலைன்னு எல்லாருக்கும் தெரியுமாம்மா?"

"சொல்லிட்டாளா? வாயை வெச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டா அவ." அம்மா ஒரு துண்டை உதறினாள். "உங்கப்பா சத்தியம் வாங்கிட்டுப் போனாரு. ஊரு என்ன வேணா பேசட்டும், பாப்பா கண்ணுக்கு மட்டும் நான் இஞ்சினியராவே இருக்கணும்னாரு. அப்புறம் நீ அந்த ஊரைப் பத்தி எழுத ஆரம்பிச்சே. எவ்வளவு ஆசையா எழுதினே! உன்னைப் பாத்துத்தான் நான் தெம்பா இருந்தேன் கண்ணு. இந்த வீட்ல இது ஒண்ணாவது சந்தோஷமா இருக்கேன்னு."

சும்மா இருந்திருக்கலாம். அப்பாவிடம் சும்மா இருந்தது போதும் என்று தோன்றியது.

"எனக்குத் தெரியும்மா."

"என்ன தெரியும்?"

"டிசம்பர்லயே தெரியும். நீ குளிச்சிட்டிருந்தே. நான்தான் போனை எடுத்தேன். டெக்சாஸ்னு ஆபரேட்டர் சொன்னா."

அம்மாவின் கை நின்றது. பாதி மடித்த தலையணை உறை மடியில் கிடந்தது.

"அப்ப பொங்கலுக்கு அத்தனை பேர் முன்னாடி படிச்சது?"

"தெரிஞ்சேதான் படிச்சேம்மா. நல்லா படிச்சா அப்பா வந்துடுவாருன்னு நெனச்சேன்."

அவள் தலையணை உறையைத் தள்ளிவைத்தாள். பிறகு என் கையைப் பிடித்தாள்.

"அந்த வீட்ல நாம ரெண்டே பேருதானேடி இருந்தோம்," என்றாள். "சேந்தாவது அழுதிருக்கலாமே."